பழைய பலகை... புது அலை!

செமஸ்டர் முடிஞ்சுதா? அரியர் கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம், இந்த வாரம் மேட்டரே வேற.

உங்க ஹாஸ்டல்ல இப்படி ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். நாளைக்கு இன்டர்னல்ஸ்னு ஊரே முழிச்சுக்கிட்டு இருக்கும். அவன் மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு செல்போன்ல, பனிமலை உச்சியிலேருந்து ஒரு பலகையில நின்னுக்கிட்டு சர்ர்ர்னு இறங்கி வர்ற வெள்ளைக்காரனைப் பார்த்துட்டு, "மச்சி, வாழ்ந்தா இப்படி வாழணும்டா!"ன்னு பெருமூச்சு விடுவான்.

அந்த ஸ்னோபோர்டிங்கிலும் ஒரு தனி கோஷ்டி உண்டு. எல்லோரும் மெத்துமெத்துன்னு பூட்ஸ் போட்டா, இவங்க இறுக்கமான பிளாஸ்டிக் பூட்ஸ்தான் மாட்டுவாங்க. ஒல்லியா நீளமா இருக்கிற பலகையைச் சாய்ச்சு, பனியில் கத்தியால் கீறினது மாதிரி கோடு போட்டுக்கிட்டே இறங்குவாங்க. 'கார்விங்'னு பேர். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் செக் நாட்டு எஸ்தர் லெடெக்கா, இந்த வகை ஸ்னோபோர்டு ரேஸில் ஒரு தங்கம், பனிச்சறுக்கு ரேஸில் ஒரு தங்கம்னு அள்ளிக்கிட்டுப் போனாரே... அந்த ஜாதிப் பலகைதான். இந்தக் கோஷ்டி ரொம்பச் சின்னது. அதனால பழைய பலகை, பழைய பூட்ஸ் எல்லாம் ஒருத்தர் கையிலேருந்து இன்னொருத்தர் கைக்குப் போய்க்கிட்டே இருக்கும்.

"எல்லாம் சரி பாஸ், செங்கல்பட்டுல பனிக்கு எங்க போறது?"ன்னு கேட்கறீங்களா? நமக்குப் பனின்னா மார்கழி மாசத்து விடிகாலை, இல்லேன்னா பால் ஐஸ்! ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. 1965-ம் வருஷ கிறிஸ்துமஸ் அன்னிக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பென் என்கிற அப்பா, மகள்கள் விளையாடறதுக்காக ரெண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்து ஒண்ணாக்கினார். ஸ்னோவையும் சர்ஃபையும் கலந்து அதுக்கு 'ஸ்னர்ஃபர்'னு பேர் வெச்சது அவர் மனைவி. இன்னிக்கு இருக்கற ஸ்னோபோர்டுக்கு அதுதான் முன்னோடி. அதாவது, பனியில் சறுக்கறவன் கடல் அலையைப் பார்த்துத்தான் காப்பியடிச்சிருக்கான். ஒரிஜினல் நம்ம வாசல்லயே இருக்கு. திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிச்சா மாமல்லபுரம். அங்கேருந்து ஈ.சி.ஆரில் சென்னைப் பக்கம் கொஞ்ச தூரம் போனா கோவளம். டிக்கெட் செலவு உங்க ஒருநாள் கேன்டீன் பில்லைத் தாண்டாது.

கட்டுமரம் விட்ட பேரன்கள்

அலை மேல நின்னு கரைக்கு வர்றதை நமக்கு ஹவாய்க்காரங்க வந்துதான் சொல்லித்தரணும்னு இல்லை. கட்டின மரம், கட்டுமரம். இங்கிலீஷ்காரன் 'கேட்டமரான்'னு எழுதறதே நம்ம வார்த்தையைத்தான். வலையோடு திரும்பற மீனவர், சரியான அலை வர்ற வரைக்கும் காத்திருந்து, அதன் முதுகில் ஏறி மணலில் வந்து இறங்குவார். பார்க்கறதுக்கு சும்மா துடுப்பு போடற மாதிரி இருக்கும். நேரம் பார்க்கறதுதான் அதில் பாதி வித்தை. சர்ஃபிங்கிலும் அதேதான்.

அப்படி ஒரு மீனவக் குடும்பத்திலேருந்து வந்தவர்தான் கோவளம் மூர்த்தி மேகவன். அவர் முன்னால நின்னு நடத்த ஆரம்பிச்ச கோவளம் சர்ஃப் பள்ளியில், குப்பத்துப் பசங்களே கத்துக்கிட்டு, அப்புறம் மத்தவங்களுக்குக் கத்துக் கொடுக்கறாங்க. 2013-ல் அங்கே சர்ஃபிங் திருவிழா ஆரம்பிச்சது. தென்னாப்பிரிக்க கிரிக்கெட்டர் ஜான்டி ரோட்ஸ் கூட வந்து அலையில் ஆட்டம் போட்டுட்டுப் போனார். பந்தைத்தான் தாவிப் பிடிப்பார்னு நினைச்சோம், அலையையும் பிடிக்கறார் மனுஷர்!

மாமல்லபுரம் கமலியைத் தெரியாதவங்க இருக்க முடியாது. சின்ன வயசுல கவுன் போட்டுக்கிட்டு, வெறுங்காலோட ஸ்கேட்போர்டு ஓட்டின பொண்ணு. அவரையும் அவர் அம்மாவையும் வெச்சு எடுத்த 'கமலி' என்கிற குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்கான நாமினேஷன் பட்டியல் வரைக்கும் போச்சு. அதே கமலி அப்புறம் சர்ஃபிங்கில் தேசிய அளவில் பட்டங்கள் வாங்கினார்.

2023 ஆகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் சர்வதேச சர்ஃப் ஓப்பன் நடந்தது. 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே அங்கே வந்துடுச்சு. அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கின முதல் இந்தியர் அவர்தான். கடற்கரைக் கோயிலை டூருக்கு வந்து பார்த்துட்டு, சங்கு வாங்கிட்டு, பஜ்ஜி சாப்பிட்டுட்டுத் திரும்பிப் போன அதே ஊர்லதான் இவ்வளவும் நடந்திருக்கு!

ஏன் செகண்ட் ஹேண்ட்?

நல்ல சர்ஃப்போர்டு பெரும்பாலும் வெளிநாட்டிலேருந்து வரணும். ஆறடி, எட்டடி நீளத்துக்கு இருக்கிற, லேசா இடிச்சாலே விரிசல் விடற ஒரு சாமானைப் பத்திரமா அனுப்பறதுக்கே தனிச் செலவு. அதுக்கு மேல வரி. விலையை நான் இங்கே எழுதினா, அச்சாகி உங்க கைக்கு வர்றதுக்குள்ள அது மாறியிருக்கும். "அப்பா, ஒரு பலகை வாங்கணும்"னு வீட்டுல கேட்டா, "கட்டில் பலகையா?"ன்னு திருப்பிக் கேட்கிற அளவுக்கு இருக்கும்னு மட்டும் வெச்சுக்கங்க.

அதனால இந்தக் கடற்கரையில் பலகைகள் கை மாறுது. ஒரு சீசன் ஓட்டிட்டு ஊருக்குக் கிளம்பறவர் விட்டுட்டுப் போறது, சர்ஃப் பள்ளியில் புதுசு வந்ததும் கழிக்கறது, ஐ.டி. கம்பெனி அண்ணன் ஆசையா வாங்கி ரெண்டு தடவை விழுந்து எழுந்ததும் பரணில் தூக்கிப் போட்டது... இப்படி. கடலோரப் பசங்க நிறையப் பேர் இந்த மாதிரி கை மாறின பலகையில்தான் முதல்முதலா எழுந்து நின்னாங்க.

ஆனா ஒரு கண்டிஷன். முதல் நாளே வாங்காதீங்க. சர்ஃப் பள்ளியில் வாடகைப் பலகையில் பத்துப் பன்னிரண்டு தடவை தண்ணி குடிச்சுட்டு, அதுக்கப்புறமும் மறுநாள் விடிகாலை அலாரம் அடிச்சதும் எழுந்திருக்கத் தோணுச்சுன்னா, அப்போ வாங்கலாம்.

தட்டிப் பார், தூக்கிப் பார்!

முதல்ல சைஸ். போட்டியில ஓட்டறாங்களே, கூர் மூக்கோட சின்னதா, அதைப் பார்த்து மயங்காதீங்க. அது தேறினவங்களுக்கு. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு எட்டடி பக்கம் நீளம், மேலே ஸ்பாஞ்ச் மாதிரி மெத்தை போட்ட 'சாஃப்ட் டாப்' போதும். பலகையில் லிட்டர் கணக்கு எழுதியிருக்கும். அது எவ்வளவு மிதக்கும்ங்கறதோட அளவு. உங்க எடை 70 கிலோன்னா, ஆரம்பத்தில் 70 லிட்டரோ அதுக்கு மேலயோ இருக்கறது நல்லது. இந்த ஒரு கணக்கைப் பார்த்தாலே, பாதி ஏமாத்து வேலை உங்ககிட்ட நடக்காது.

அடுத்து, மேலே பூசியிருக்கிற மெழுகு. கால் வழுக்காம இருக்கத்தான் அது. ஆனா விரிசலை மறைக்கறதுக்கும் அதைவிட நல்ல சாமான் கிடையாது! "அண்ணா, மெழுகைச் சுரண்டிட்டுப் பார்க்கலாமா?"ன்னு மரியாதையா கேளுங்க. "தாராளமா பாரு தம்பி"ன்னு சொன்னா ஆள் நேர்மையானவர். "அதெல்லாம் எதுக்குப்பா, பலகை சூப்பரா இருக்கு"ன்னு இழுத்தார்னா, நீங்க டீ குடிச்சுட்டுக் கிளம்பிடலாம்.

சுரண்டியாச்சா? இப்போ கட்டை விரலால மேல்பக்கம் முழுக்க அழுத்திக்கிட்டே வாங்க. உள்ளே ஃபோம், வெளியே ஃபைபர் துணியும் ரெசினும். ரெண்டும் ஒட்டாம பிரிஞ்சிருந்தா, பூரி உப்பின மாதிரி பொத்துப் பொத்துன்னு அமுங்கும். விரல் கணுவால் தட்டினா சத்தமும் மாறும். நம்ம வீட்டுல தேங்காய் தட்டிப் பார்த்து வாங்கறாங்களே, அதே டெக்னிக்! வெயில்ல மூடின கார்ல போட்டு வெச்ச பலகைக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும்.

அப்புறம், குறுக்கால ஒரு கோடு மேலேயும் கீழேயும் சுத்தி ஓடுதான்னு பாருங்க. ஓடினா, அந்தப் பலகை ஒருதடவை ரெண்டா உடைஞ்சு ஒட்டினது. அந்த இடத்துல மட்டும் புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா சந்தேகம் டபுள். உடைஞ்சு ஒட்டினது தப்பில்லை. சொல்லாம விக்கறதுதான் தப்பு.

நிறம் லேசா மஞ்சளாயிருந்தா அது வெயில் பட்ட வயசு, பெரிசா பயப்பட வேணாம். பழுப்பா திட்டுத்திட்டா இருந்தா தண்ணி உள்ளே போயிருக்கு. கையில் தூக்கிப் பாருங்க, பார்வைக்கு இருக்கறதைவிட கனமா இருந்தாலும் அதே கதைதான். கடைசியா, அடியில் இருக்கிற துடுப்பு மாதிரியான ஃபின்களை ஆட்டிப் பாருங்க. வேர்லயே ஆடினா செலவு இருக்கு. ஃபின் இல்லாம வித்தாங்கன்னா, அந்தப் பலகையில் எந்தக் கம்பெனி பொருத்துமுறைன்னு கேட்டுக்கங்க. ஒண்ணுக்கு உள்ளது இன்னொண்ணுல உட்காராது.

பேரம் பேசறதுன்னா, "கொறைச்சுக் கொடுங்கண்ணா"ன்னு பத்து தடவை சொல்றது இல்லை. புது ஃபின் இவ்வளவு, ரிப்பேர் இவ்வளவு, புதுக் கயிறு இவ்வளவுன்னு அவர் முன்னாலயே கூட்டி, சொன்ன விலையில் கழிங்க. கணக்குக்கு எந்த அண்ணனும் கோவிச்சுக்க மாட்டார்.

வைத்தியம் குப்பத்துலயே இருக்கு

2004 டிசம்பர் 26 சுனாமி நம்ம கரையோரத்தில் எவ்வளவோ கட்டுமரங்களைக் கொண்டுபோயிடுச்சு. அதுக்கப்புறம் கரையில் நிறைஞ்சது ஃபைபர் படகுகள். ஃபைபர் படகு இருக்கிற ஊர்ல, அதை ஒட்டுப் போடத் தெரிஞ்ச கைகளும் இருக்கும். கண்ணாடி நார் துணி, ரெசின், உப்புத்தாள்... சர்ஃப்போர்டுக்கும் கிட்டத்தட்ட அதே சாமான்தான். பட்டணத்துல தேடி அலையற வைத்தியர், படகு நிக்கற மணல்லயே உட்கார்ந்திருக்கார்!

ஆனா இங்கேதான் கெமிஸ்ட்ரி படிச்சவங்க உஷாராகணும். பலகையோட உள் ஃபோம் ரெண்டு ஜாதி. பி.யூ. ஃபோம்னா, படகுக்குப் போடற பாலியெஸ்டர் ரெசின் சரிப்படும். ஈ.பி.எஸ்., அதாவது டி.வி. பெட்டிக்குள்ள வருமே தெர்மாக்கோல், அந்த வகையா இருந்தா, பாலியெஸ்டர் ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் அதைக் கரைச்சுக் குழியாக்கிடும். அதுக்கு எபாக்ஸி ரெசின்தான் போடணும். எந்த ஜாதின்னு தெரியலையா? எபாக்ஸியே போடுங்க, அது ரெண்டுக்கும் ஒத்துக்கும். ஒட்டறதுக்கு முன்னாடி, உள்ளே போன தண்ணியை நிழல்ல வெச்சுப் பொறுமையா வடிய விடணும். ஈரத்தோட மூடினா, புண்ணைக் கழுவாம பிளாஸ்திரி போட்ட கதைதான்.

கயிறு மட்டும் புதுசு!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருக்கும்னா, அது இதுவா இருக்கட்டும்: பலகை பழசா இருக்கலாம், காலில் கட்டற லீஷ் பழசா இருக்கக்கூடாது.

கணுக்காலையும் பலகையையும் சேர்க்கிற அந்தக் கயிறு சும்மா ஃபேஷனுக்கு இல்லை. நீங்க விழுந்தா, உங்களுக்குப் பக்கத்துல மிதக்கப்போற ஒரே சாமான் அந்தப் பலகைதான். கயிறு அறுந்தா அது கரைக்குப் போயிடும், நீங்க நடுவுல நிப்பீங்க. அதுமட்டுமில்ல, ஓனர் இல்லாம அலையில் வர்ற எட்டடிப் பலகை, கரையோரம் குளிச்சுக்கிட்டு இருக்கிற ஒரு குழந்தை மேல மோதினா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. கயிறு சரியில்லாட்டியும் ஆபத்துதான். லீஷ் புதுசா வந்த காலத்தில், 1971-ல், கலிஃபோர்னியாவின் ஜாக் ஓ'நீல் ரப்பர் மாதிரி இழுபடற கயிறு பலகையைத் திருப்பி அடிச்சு ஒரு கண்ணையே இழந்தார். வெட்சூட் கம்பெனி வெச்சு உலகப் புகழ் வாங்கின மனுஷர், கடைசி வரைக்கும் அந்தக் கண்ணுக்கு மேல கறுப்புப் பட்டையோடதான் இருந்தார்.

ஆக, லீஷில் கீறல், முறுக்கு, வெல்க்ரோ பிடிப்பு விட்டது... எது இருந்தாலும் தூக்கிப் போடுங்க. பலகை நீளத்துக்குச் சமமான நீளத்தில் புதுசு வாங்குங்க. பேரத்துல அதைச் சேர்க்க மறந்துடாதீங்க.

கடல் ஃப்ரெண்டுதான்... ஆனா!

2024 மே 6-ம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனாங்க. அன்னிக்குக் கடல் சீற்றம் இருக்கும்னு எச்சரிக்கை இருந்தது. வானம் தெளிவா இருக்கும், காத்து பெரிசா இருக்காது, எங்கேயோ தூரக் கடல்ல கிளம்பின அலை திடீர்னு வந்து கரையைத் தூக்கும். 'கள்ளக்கடல்'னு கேரளத்து மீனவங்க பேர் வெச்சது சும்மாவா? அந்த அஞ்சு பேரும் நம்ம வயசு, நம்மளை மாதிரி கல்யாண வீட்டுக்கோ டூருக்கோ போனா கடல்ல கால் நனைக்கற பசங்கதான். அவங்களைக் குறை சொல்ல இதை எழுதலை. இன்னொரு வீட்டுக்கு அந்த போன் கால் போகக்கூடாது, அதுக்காகத்தான்.

அதனால, நீச்சல் தெரியாம பலகை வாங்காதீங்க. பலகை நீச்சலுக்கு மாத்து கிடையாது. கடலுக்குக் கிளம்பும் முன்னாடி ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் மையம் தர்ற அலை எச்சரிக்கையைப் பாருங்க. கரையில் இருக்கற மீனவரிடம், "அண்ணே, இன்னிக்குத் தண்ணி எப்படி?"ன்னு கேளுங்க. "வேணாம்பா"ன்னா வேணாம், அவ்வளவுதான். அதுக்கு மேல வாதம் இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் தாறுமாறா இருக்கும், புதுசா கத்துக்கறவங்க அப்போ செமஸ்டருக்குப் படிக்கலாம்! இழுப்பு நீரோட்டத்தில் மாட்டினா, கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைச்சுப் போகாதீங்க. பலகையை விடாம படுத்துக்கிட்டு, கரைக்கு இணையா பக்கவாட்டில் நகருங்க. கையைத் தூக்கிக் காட்டுங்க.

இன்னொண்ணு, அது அவங்க வேலை பார்க்கற இடம். படகு இறங்கற பாதையிலேயும் வலை போட்ட பக்கத்திலேயும் ஆட்டம் வேணாம். அலையிலும் ஒரு நியாயம் உண்டு. அலை உடைய ஆரம்பிக்கிற இடத்துக்கு யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்களுக்குத்தான் அந்த அலை. மத்தவங்க அடுத்ததுக்கு வெயிட் பண்ணணும். நம்ம பஸ் ஸ்டாப்பைவிட ஒழுங்கான இடம்!

விக்கிறப்போ நீங்க யாரு?

வாங்கறது இவ்வளவு பேசினோம். விக்கறதுதான் அசல் பரீட்சை.

நாலாவது வருஷம் முடியும். பெங்களூருல வேலை கிடைக்கும். பலகை ஹாஸ்டல் சுவத்துல சாஞ்சு நிக்கும். மேல கொடி கட்டித் துணி காயப் போட்டிருப்பீங்க. அப்போ வாங்க வர்ற முதலாம் ஆண்டு தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. மெழுகைச் சுரண்டிப் பார்க்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்க வாயைத் திறக்கலைன்னா முழு விலை கிடைக்கும். திறந்தீங்கன்னா கொஞ்சம் குறையும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? ரெண்டு சினிமா, நாலு பிரியாணி. ஆனா நடுக்கடல்ல அந்த ஒட்டு பிரியறப்போ, பலகை மேல படுத்திருக்கப் போறது அவன்.

அதனால நீங்களே சுரண்டிக் காட்டுங்க. "இங்க ஒரு தடவை இடிச்சது, இந்த மாசம் ஒட்டினது, இந்த ரெசின் போட்டது"ன்னு பின்பக்கம் மார்க்கர்ல எழுதியே கொடுத்துடுங்க. பைக்குக்கு சர்வீஸ் புக் இருக்கறப்போ பலகைக்கு இருக்கக்கூடாதா? பழைய லீஷை அவன் கண் முன்னாலயே வெட்டிப் போடுங்க.

வாங்க ஆளே வரலையா? கோவளத்துலயோ மாமல்லபுரத்துலயோ ஏதாவது ஒரு சர்ஃப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கேளுங்க. சொந்தப் பலகை இல்லாம, அடுத்தவங்க கரைக்கு வர்ற வரைக்கும் மணல்ல உட்கார்ந்து காத்திருக்கிற ஒரு பையனோ பொண்ணோ அங்கே இருப்பாங்க. உங்க பரண்ல தூசி குடிக்கிற பலகை, அவங்க காலுக்குக் கீழே போனா தண்ணி குடிக்கும்!

சரி, ஞாயித்துக்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சாச்சா? ரூம்மேட் திட்டினா கண்டுக்காதீங்க, அவனையும் இழுத்துக்கிட்டுப் போங்க. பஸ்ஸுல கண்டக்டர் எட்டடிப் பலகையைப் பார்த்து, "என்னப்பா இது, கதவா?"ன்னு கேட்டார்னா, சிரிச்சுக்கிட்டே லக்கேஜ் டிக்கெட் வாங்கிடுங்க.

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன் மக்களே. அதுவரைக்கும்... கரையில் நிக்கற பெரியவர் பேச்சைக் கேளுங்க, கயிறைப் பாருங்க, அலையைப் பிடிங்க!